சரிவில் வளர்ந்த எஃகு: ஷெஃபீல்டு நகரமும் அதன் ஐந்து ஆறுகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் காட்டிய நிலப்படங்களுக்கான விளக்கங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



‘நிலமும் தொழிலும்’ என்ற பொதுத் தலைப்பை எனக்குக் கொடுத்தார்கள். பொதுத் தலைப்பில் ஒரு வசதி உண்டு. எதையும் சொல்லாமலே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். அந்தச் சலுகை வேண்டாம் என்று ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டேன். இங்கிலாந்தின் வடபகுதியில், தெற்கு யார்க்‌ஷரில் உள்ள ஷெஃபீல்டு.

பருத்திக்கு மான்செஸ்டர், கத்திக்கு ஷெஃபீல்டு என்று என் வயதுக்காரர்கள் பள்ளியில் உருப்போட்டிருப்போம். காரணம் கேட்டால் இரும்புத் தாது, நிலக்கரி, நீர்வளம், போக்குவரத்து வசதி என்று எழுதுவோம். இன்று அந்த விடைத்தாள் என் கைக்கு வந்தால் பாதி மதிப்பெண்கூடத் தயங்கித்தான் போடுவேன். ஷெஃபீல்டு உலகப் புகழ் பெற்ற காலத்தில் அதன் முதல்தர எஃகுக்கான இரும்பு ஸ்வீடனிலிருந்து வந்துகொண்டிருந்தது. படகு போகும் ஆறு நகருக்குள் வரவில்லை. லண்டனிலிருந்து நேர் ரயில்பாதை 1870 வரை இல்லை. தாதும் பாதையும் இப்படியிருந்தும் தொழில் அங்கே வேர்பிடித்தது, விரிந்தது, மற்ற ஊர்களை முந்தியது. இதற்கான முதற்காரணம் அந்த நிலத்தின் சரிவு என்பதுதான் என் வாதம். ஊர் எழுந்தது மட்டுமல்ல, அங்கே தொழிலாளர் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிச் செத்தார்கள், பணக்காரர் எந்தப் பக்கம் வீடு கட்டினார்கள் என்பதெல்லாம் அந்தச் சரிவோடு பிணைந்தே இருக்கிறது. ஆறு கருத்துகளாகச் சொல்கிறேன்.

1. சிறிய ஆறுகள், பெரிய வீழ்ச்சி

பென்னைன் மலைத்தொடரின் கிழக்கு இறக்கத்தில் ஷெஃபீல்டு அமர்ந்திருக்கிறது. நகராட்சி எல்லைக்குள்ளேயே மேற்கு ஓரத்தில் 548 மீட்டர் உயரமுள்ள ஹை ஸ்டோன்ஸ் இருக்கிறது. கிழக்கே டான் ஆறு நகரை விட்டு வெளியேறும் தாழ்நிலம் கடல்மட்டத்துக்குச் சில பத்து மீட்டர்தான் மேலே. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மேட்டில் மழையை இறக்க, அந்த நீர் டான், ஷீஃப், லாக்ஸ்லி, ரிவலின், போர்ட்டர் என ஐந்து ஆறுகளாக நகரை நோக்கி வருகிறது. காவிரிக்கரைக்காரர் எவரும் இவற்றை ஆறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். போர்ட்டரைப் பல இடங்களில் ஒரே தாவில் தாண்டிவிடலாம்.

நீர்ச்சக்கரத்தின் திறன் எவ்வளவு நீர் விழுகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. ஷெஃபீல்டுக்கு முதலாவது குறைவு, இரண்டாவது தாராளம். பேராற்றை மறிக்கப் பெருந்தனம் வேண்டும். இந்த ஓடைகளை மறிக்க ஒரு சிறு தடுப்பணை, பக்கவாட்டில் ஒரு வாய்க்கால், ஒரு குட்டை, ஒரு மதகு போதும். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீரைச் சற்றுக் கீழே அடுத்தவர் தன் குட்டையில் பிடித்துக்கொள்வார். ரிவலின் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்குள் 20 ஆலைகள் இருந்தன. ஐந்து ஆறுகளையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் இவ்வளவு நெருக்கமாக நீர்விசையைப் பிழிந்த பகுதி வேறு இல்லை என்றே சொல்லலாம்.

பாறையும் துணை நின்றது. மேற்கு மேட்டில் மில்ஸ்டோன் கிரிட் என்னும் சொரசொரப்பான மணற்கல். ஸ்டானேஜ் பாறை விளிம்பின் அடியில் செதுக்கி முடித்தும் விலைபோகாமல் விட்டுப்போன எந்திரக்கற்கள் இன்றும் புல்லில் கிடக்கின்றன. கத்திக்கு ஏற்ற மென்மையான சாணைக்கல் ராதரம் அருகே விக்கர்ஸ்லியில் கிடைத்தது. கிழக்கே நிலக்கரிப் படுகையும் அதனிடையே கொஞ்சம் இரும்புத் தாதும். உலைக்கான தீக்களிமண் லாக்ஸ்லிப் பக்கம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கான்டர்பரிக் கதைகளில் ஒரு மாவுமில்காரன் காலுறைக்குள் ஷெஃபீல்டுக் கத்தியைச் செருகிக்கொண்டு திரிகிறான். வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தப் பெயர் அப்போதே பரவியிருந்தது.

2. தூரத்து இரும்பு

கத்தி முனைக்கு நல்ல எஃகு வேண்டும். உள்ளூர் தாதில் பாஸ்பரஸும் கந்தகமும் மிகுதி என்பதால் அது உதவவில்லை. ஸ்வீடனின் டானமோரா சுரங்கத்துத் தாதிலிருந்து செய்த இரும்புக் கம்பிகள் ஹல் துறைமுகம் வந்து, அங்கிருந்து படகிலும் வண்டியிலுமாக ஷெஃபீல்டு சேர்ந்தன. டான் ஆற்றைப் படகுக்கு ஏற்றபடி சீரமைத்தும் 1751இல் டின்ஸ்லி வரைதான் வர முடிந்தது. அதற்கு மேல் நகருக்குள் கால்வாய் நுழைய 1819 ஆயிற்று. சரக்கு எளிதில் வராத ஊர், எடை குறைந்து விலை மிகுந்த பொருளைத்தான் செய்து பிழைக்க முடியும். ஒரு வண்டி இரும்பை ஆயிரம் பேனாக்கத்திகளாக்கி அனுப்பினால் கூலி கட்டும், தண்டவாளமாக்கினால் கட்டாது. ஷெஃபீல்டின் நுணுக்கத்தை அதன் மக்களின் பிறவிக் குணம் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வண்டிக்கூலியின் கணக்குத்தான் தெரிகிறது.

ஸ்வீடன் கம்பிகளை மரக்கரித்தூளோடு கற்பெட்டிகளில் அடைத்து ஒரு வாரத்துக்கு மேல் சூடேற்றுவார்கள். கரி இரும்புக்குள் ஊறும். ஆனால் ஒரே சீராக ஊறாது. வெளிப்புறம் கடினமாகவும் உள்ளே மெதுவாகவும் இருக்கும். டான்காஸ்டரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேனுக்குச் சுருள்வில் செய்ய இந்த எஃகு பிடிக்கவில்லை. 1740களில் ஷெஃபீல்டுப் பக்கம் குடிவந்து, அந்த எஃகை உடைத்துக் களிமண் மூசையில் இட்டு, கல்கரி உலையில் முழுதாக உருக்கி, அச்சில் வார்த்தார். சீரான எஃகு கிடைத்தது. உள்ளூர்க் கத்திக்காரர்களோ அது அடிக்கக் கடினமாக இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். அவர் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் திரும்பி வந்து போட்டி போட்ட பிறகே ஊர் விழித்துக்கொண்டது.

மூசை எஃகு என்றதும் தமிழ்நாட்டு அவையில் ஒரு கேள்வி எழும்: அது நம்முடையது அல்லவா? தமிழ்நாட்டுத் தொல்லியல் இடங்களான கொடுமணலும் மேல்சிறுவலூரும் மூசை எஃகின் பழமைக்குச் சான்று தருகின்றன. ஆனால் ஹன்ட்ஸ்மேன் நம் முறையைப் பார்த்துச் செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. செய்முறையும் வேறு. நம் கொல்லர் தேனிரும்பையும் மரத்துண்டு, இலைகளையும் சிறு மூசையில் இட்டு மூடி, உள்ளேயே மெல்ல ஆறவிட்டார். மூசையின் வடிவிலேயே கட்டி கிடைத்தது. ஹன்ட்ஸ்மேன் ஏற்கெனவே கரியேறிய எஃகை உருக்கி வெளியே வார்த்தார். இல்லாத உறவைக் கொண்டாட வேண்டியதில்லை, ஏனென்றால் இருக்கிற உறவே சுவையானது. தென்னிந்திய வூட்ஸ் எஃகின் இரகசியத்தைத் தேடித்தான் மைக்கேல் ஃபாரடேயும் லண்டன் கத்தி வணிகர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலப்பு எஃகுச் சோதனைகளில் இறங்கினார்கள். பெரிய அளவிலான வார்ப்புகளை ஷெஃபீல்டின் சாண்டர்சன் ஆலையில் செய்து பார்த்தார்கள்.

இன்னொருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர், வேலையை விட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. இங்கிலாந்து திரும்பிய பின், மூசையில் மாங்கனீசுக் கலவையைச் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு அதைப் பற்றிக்கொண்டது. ஆனால் அவர் காப்புரிமையில் எழுதியது மாங்கனீசுக் கார்பைடு. ஆலைகள் இட்டதோ மாங்கனீசு ஆக்சைடும் கரியும். இரண்டும் மூசைக்குள் போனால் ஒன்றுதான் என்று ஹீத் வழக்காடினார். ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்த்தது. அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை.

3. சிறு குட்டை, சிறு முதலாளி, நோயுற்ற நுரையீரல்

இந்தக் கருத்தில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். லங்காஷரில் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்த பருத்தி ஆலைகள் எழுந்தபோது, ஷெஃபீல்டில் கத்தித் தொழில் சிதறியே இருந்தது. ஒரு குட்டை நீரால் சில சாணைக்கற்களைத்தான் சுற்ற முடியும். சக்கரக் கட்டடத்தின் உரிமையாளர் இடத்தையும் விசையையும் வாடகைக்கு விட்டார். சாணைக்காரர் தன் கல்லோடு வந்து உட்கார்ந்தார். ஒருவர் அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பிடி மாட்டுவார். இப்படித் தனித்தனியே இயங்கிய சிறு கைவினை முதலாளிகளை அந்த ஊர்ப் பேச்சில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்பார்கள். 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஹாலம்ஷர் கத்திக்கொல்லர் குழுமம் இவர்களின் முத்திரைகளைப் பதிந்து தரம் காத்தது. அது இன்றும் ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது.

சாணை பிடிப்பவர் மரக்குதிரை போன்ற இருக்கையில் கால்பரப்பி அமர்ந்து, சுழலும் கல்லின் மீது குனிந்திருப்பார். கல்லும் எஃகும் தூளாகி மூச்சில் ஏறும். கத்திக்கு ஈரச்சாணை, முள்கரண்டிக்கு உலர்சாணை. உலர்சாணைக்காரரின் சராசரி ஆயுள் 35ஐ எட்டுவதே அரிது, ஈரச்சாணைக்காரர் 45ஐத் தாண்டுவது அரிது என்று ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னால்டு நைட்டை மேற்கோளாகக் கொண்டு எங்கெல்ஸ் 1845இல் எழுதினார்.

இதில் நிலவியல் எங்கே? நீர்விசைக் காலத்தில் சாணைக்கூடம் ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில், திறந்த வாசலோடு இருந்தது. கோடையில் குட்டை வற்றினால் வேலை நிற்கும். அந்த நாட்களில் சாணைக்காரர் தோட்டத்தைக் கொத்துவார், ஆட்டைப் பார்ப்பார். கூலி போனது உண்மை. நுரையீரலுக்கு ஓய்வும் கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நீராவி எந்திரம் வந்ததும் சாணைக்கூடங்கள் நகருக்குள் நெருக்கமான அறைகளுக்கு நகர்ந்தன. மழையைப் பாராமல் ஆண்டு முழுதும் கல் சுழன்றது. நோயின் கொடுமை கூடியது இதற்குப் பிறகுதான் என்று அக்கால மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்ப முன்னேற்றம் என்று நாம் எழுதும் வரியில் இதையும் சேர்க்க வேண்டும்.

தூசியை இழுக்கும் காற்றாடிகளும், உலோகத்தூளைப் பிடிக்கும் காந்தச் சாதனமும் கண்டுபிடிக்கப்பட்டன. சாணைக்காரர் சிலர் அவற்றை எதிர்த்தார்கள். ஆயுள் நீண்டால் ஆள் பெருகும், ஆள் பெருகினால் கூலி குறையும் என்பது அவர்களின் வாதம். இதை முதலாளிகள் கட்டிய கதை என்று தள்ளிவிடத்தான் தோன்றும். ஆனால் தொழிலாளர் பக்கம் நின்ற எங்கெல்ஸே இதைப் பதிவு செய்கிறார். தன் சாவையே கூலிக் கணக்கில் வரவு வைக்க நேர்ந்த தொழில் அது.

சிதறிய பட்டறைகளில் சங்கம் நடத்துவதும் சிதறிய முறையில்தான் நடந்தது. வாசலில் மறியல் செய்யப் பெரிய ஆலைவாசல் எதுவும் இல்லை. சந்தா கட்டாதவர் காலையில் வந்தால் அவருடைய கல்லைச் சுழற்றும் தோல்பட்டை காணாமல் போயிருக்கும். கட்டினால் எங்கிருந்தோ திரும்பி வரும். இதற்கு ‘ராட்டனிங்’ என்று பெயர். தோல்பட்டையோடு நிற்கவில்லை. 1866இல் ஒரு சாணைக்காரர் வீட்டின் நிலவறையில் வெடிமருந்து வெடித்தது. அடுத்த ஆண்டு விசாரணைக் குழு முன்னால், ரம்பச் சாணைக்காரர் சங்கச் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட், ஒரு கொலைக்கும் பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். நாடே அதிர்ந்தது. ஆனால் சங்கங்களை ஒடுக்குவதற்குப் பதில், அவற்றுக்குச் சட்டத் தகுதி இல்லாததே இந்த இருட்டுக்குக் காரணம் என்ற வாதம் வலுத்து, 1871இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

4. சரிவு திருப்பி அடித்த இரவு

சுருக்கமாகவே சொல்கிறேன். நகரத்துக்குக் குடிநீரும் கீழுள்ள ஆலைகளுக்கு ஈட்டு நீரும் தர லாக்ஸ்லிக்கு மேலே டேல் டைக் என்ற மண் அணை கட்டினார்கள். 1864 மார்ச் 11 நள்ளிரவுக்குச் சற்று முன், முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருக்கும்போதே அது உடைந்தது. சுமார் 300 கோடி லிட்டர் நீர் குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கியது. சக்கரங்களைச் சுற்ற உதவிய அதே வீழ்ச்சி வேகம் தந்தது; சக்கரத்துக்காகவே ஆற்றோரத்தில் குடியிருந்தவர்கள் முதலில் மாண்டார்கள். குறைந்தது 240 பேர். பிரிட்டனின் மிகக் கொடிய அணை விபத்துகளில் ஒன்றான இதை அந்த நாட்டிலேயே பலர் அறியார்.

5. சமவெளிக்கு நகர்ந்த தொழில், மேட்டுக்கு நகர்ந்த செல்வம்

ஜார்ஜ் ஸ்டீவன்சன் வடக்கு மிட்லண்டு ரயில்பாதையை அமைத்தபோது ஷெஃபீல்டின் குன்றுகளைப் பார்த்து ஒதுங்கிப் போனார். 1840இல் அந்தப் பாதை ராதரம் வழியே சென்றது. ஷெஃபீல்டுக்காரர்கள் 1838இல் திறந்த கிளைப்பாதையில் ராதரம் போய் வண்டி மாற வேண்டியிருந்தது. நேர்ப்பாதைக்கு முப்பது ஆண்டு காத்திருந்தார்கள்.

அந்தக் கிளைப்பாதை டான் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஆட்டர்கிளிஃப், பிரைட்சைடு, டின்ஸ்லி வழியே, ஊரின் ஒரே அகலமான சமநிலத்தில் ஓடியது. பேராலைகள் அங்கே திரண்டன. ஹென்றி பெசமர் 1858இல் ஷெஃபீல்டில் தன் ஆலையைத் தொடங்கினார். மூசையில் இருபது, முப்பது கிலோவாகப் பல மணி நேரம் உருக்கிய எஃகை, அவருடைய கலம் அரைமணியில் டன் கணக்கில் தந்தது. ஜான் பிரவுன், கேமல், விக்கர்ஸ், ஃபர்த் ஆகிய ஆலை முதலாளிகள் தண்டவாளத்துக்கும் போர்க்கப்பல் கவசத்துக்கும் போனார்கள். கெல்ஹாம் ஐலண்டு அருங்காட்சியகத்தில் 1905இல் செய்த 12,000 குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்று இன்றும் இயங்குகிறது. கவசத்தகடு உருட்டச் செய்தது அது. 1801இல் ஏறக்குறைய 46,000 பேர் இருந்த ஊர், நூற்றாண்டு இறுதியில் 4 லட்சத்தை நெருங்கியது.

பழைய நுணுக்கம் அழியவில்லை, ஆய்வகத்துக்குள் போனது. ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882இல் மாங்கனீசு எஃகைச் செய்தார். இலங்கையின் பழைய இரும்பையும் டெல்லித் தூணையும் ஆராய்ந்தவர் இவரே என்பது நமக்கு உபரிச் செய்தி. எஃகுத் தொழிலாளி ஒருவரின் மகனான ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் தேய்வைக் குறைக்க முயன்று 1913 ஆகஸ்டில் துருப்பிடிக்காத எஃகை வார்த்தார். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் அந்த வம்சம்தான்.

இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஆலைப்புகை கிழக்கே போனது. முதலாளிகள் மேற்கு மேட்டில், புகை எட்டாத என்ட்கிளிஃப், ரான்மூர் பக்கம் மாளிகை கட்டினார்கள். தொழிலாளர் ஆலைச்சுவரை ஒட்டிக் கிழக்கில் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யேமனிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கரீபியத்திலிருந்தும் வந்தவர்கள் இதே கிழக்கில் உலைமுன் நின்றார்கள். இன்றும் நகரின் மேற்கு, கிழக்கு வார்டுகளுக்கிடையே உடல்நலத்திலும் வருமானத்திலும் உள்ள வேறுபாடு அந்தப் பழைய காற்றுத் திசையைத்தான் காட்டுகிறது.

தொழிலாளர் மேட்டுக்குப் போகாமலும் இல்லை. ஜி. எச். பி. வார்டு என்ற பொறியியல் தொழிலாளி 1900இல் கிளாரியன் நடையர் குழுவைத் தொடங்கினார். வேட்டைக்காகப் பிரபுக்கள் வேலியடைத்த மேட்டுநிலத்தில் நடக்கும் உரிமைக்கு 1932இல் அத்துமீறல் போராட்டங்கள் நடந்தன. 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாகப் பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. ஷெஃபீல்டின் மூன்றில் ஒரு பங்கு நிலம் அதற்குள் அடங்கும்.

6. உலை அணைந்த பின்

1980களில் ஆலைகள் வரிசையாக மூடின. ஹேட்ஃபீல்டின் ஈஸ்ட் ஹெக்லா ஆலை இருந்த இடத்தில் 1990இல் மெடோஹால் வணிக வளாகம் திறந்தது. 1984இல் சுரங்கத் தொழிலாளருக்கும் காவலருக்கும் மோதல் நடந்த ஆர்கிரீவ் கல்கரி ஆலையை ஒட்டிய நிலத்தில் இப்போது ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் உயர் உற்பத்தி ஆய்வு மையம். விக்கர்ஸின் பழைய ரிவர் டான் ஆலையை ஷெஃபீல்டு ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் நிறுவனம் நடத்திவந்தது. அணு நீர்மூழ்கிகளுக்கு வேண்டிய பெருவார்ப்புகளுக்கு வேறு வழியில்லாத அரசு, 2021இல் அந்த நிறுவனத்தை 25.6 லட்சம் பவுண்டுக்கு வாங்கிவிட்டது.

பாரம்பரியம் என்று எதைக் காப்பது என்ற கேள்வி அங்கே நடைமுறைச் சிக்கலாகவே எழுகிறது. ஷீஃப் கரையின் அபேடேல் தொழிற்கிராமத்தில் மூசை உலை முழுமையாக நிற்கிறது. போர்ட்டர் கரையின் ஷெப்பர்டு வீல் சாணைக்கூடம் 2012இல் மறுபடி சுற்றத் தொடங்கியது. இவற்றைக் காப்பதில் சண்டையில்லை. ஆனால் டான் கரையில் காட்டு அத்திமரங்கள் நிற்கின்றன. மத்தியதரைக்கடல் நாட்டு மரம் அது. ஆலைகள் வெளியேற்றிய சுடுநீரால் ஆறு 20 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருந்த காலத்தில், கழிவுநீரோடு வந்த விதைகள் முளைத்தன. சூழலியலாளர் ஆலிவர் கில்பர்ட் இதை விளக்கினார். ஆறு குளிர்ந்த பிறகு புதுக் கன்றுகள் வருவதில்லை. இந்த மரங்களை நகரம் காக்கிறது. தொழில்மரபுச் சின்னங்களில் ஒரு செடியைச் சேர்த்தது சரியான முடிவு என்பேன்.

தடுப்பணைகள்தாம் கடினமான வழக்கு. 2007 ஜூன் 25 அன்று பெருமழையில் டான் கரைபுரண்டு, மெடோஹாலும் கெல்ஹாம் அருங்காட்சியகமும் மூழ்கின. நகரில் இருவர் இறந்தார்கள். ஆற்றை மறிக்கும் பழைய கட்டுமானங்களை எடுத்துவிடலாமே என்று ஒரு சாரார். அவற்றை எடுத்தால் நகரம் எப்படி உருவானது என்பதற்கான கண்கூடான சான்றே போய்விடும் என்று இன்னொரு சாரார். மீன் ஆர்வலர்களுக்கோ வேறு குறை: சால்மன் மீன் கடலிலிருந்து மேலேறி முட்டையிட வேண்டும், ஒவ்வொரு அணையும் அதற்குச் சுவர். கடைசியில் பல இடங்களில் அணையை விட்டுவைத்து, ஓரத்தில் மீன் ஏறும் படிவழி அமைத்தார்கள். 2019இல் ஷெஃபீல்டுப் பகுதியின் டானில் சால்மன் மீண்டும் தென்பட்டது. எல்லா அணைகளுக்கும் இப்படிப் படிவழி கட்டப் பணம் போதாது. எதை விடுவது, எதை உடைப்பது என்பதை ஒவ்வோர் அணைக்கும் தனித்தனியே அவர்கள் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.